ஜும்பியின் களஞ்சியம்

கொம்தோ அண்ணன் அன்றும் காட்டிலிருந்து உப்புப் பொட்டலத்தோடுதான் இறங்கி வந்தார். கணுக்கால் முழுக்க அட்டை கடித்த ரத்தம். முற்றத்து மூங்கில் மேடையில் உட்கார்ந்து வெட்டுக்கத்தியின் முனையால் அட்டைகளை ஒவ்வொன்றாகச் சுரண்டிப் போட்டார்.

"பாத்தீங்களாண்ணே?" என்று கேட்டேன்.

"பாத்தேன். அதுவும் என்னப் பாத்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ஓட்டுக் கேக்க வந்தவனப் பாத்த மாதிரி பாத்துட்டு மூங்கில் காட்டுக்குள்ள போயிருச்சு."

சிரிக்க வேண்டிய பேச்சுதான். அவர் சிரிக்கவில்லை. மோபின் அம்மாவைக் கும்பிடும் மோபின் திருவிழாவுக்கு நாள் நெருங்கிவிட்டது. இந்த வருஷம் பூசை அவர் வீட்டு முற்றத்தில். பலிக்குப் போக வேண்டிய மிதுன் என்கிற மலைமாடு மலைச்சரிவில் மேய்ந்துகொண்டிருந்தது, கூப்பிட்டால் வரமாட்டேன் என்று.

எங்கள் ஊரில் மிதுனைக் கட்டி வளர்ப்பதில்லை. காது நுனியில் வீட்டு அடையாளத்துக்கு வெட்டு ஒன்று போட்டுக் காட்டில் விட்டுவிடுவோம். எப்போதாவது உப்பு கொண்டுபோய்க் கூப்பிட்டால் வந்து உள்ளங்கையை நக்கிவிட்டுப் போகும். யார் கையில் உப்புத் தின்று பழகியதோ அவர் குரலுக்குத்தான் வரும். இந்தக் கிடா பழகியது கொம்தோவின் மனைவி ஜும்பியின் கையில். இதன் தாயைச் செந்நாய்கள் கிழித்துப் போட்டபோது கன்றைத் தோளில் தூக்கி வந்து கஞ்சித்தண்ணீர் கொடுத்துப் பிழைக்க வைத்தவள் அவள். ஆனால் ஜும்பி இப்போது வீட்டில் இல்லை. சியோம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் தார்சியில், அவள் அண்ணன் வீட்டில் இருந்தாள். போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிறது.

வேறு மிதுன் வாங்கிக்கொள்ளலாமே என்று கொம்தோ நிபோவிடம் கேட்டுப் பார்த்தார். நிபோ எங்கள் பூசாரி. கோழிக்குஞ்சை அறுத்து ஈரலைப் பார்த்து, நெற்றியில் வெள்ளை விழுந்த அந்தக் கிடாதான் என்று அவர் சொல்லி முடித்திருந்தார்.

"நான் சொல்லலப்பா, ஈரல் சொல்லுது. பேரம் பேசணும்னா ஈரல்கிட்டப் போய்ப் பேசு."

"வலை போட்டுப் பிடிச்சுட்டு வந்தா?"

"காயத்தோட வந்தா மோபின் அம்மா ஏத்துக்க மாட்டா. அது தன் கால்ல நடந்து வரணும். உன் பெண்டாட்டி மாதிரியே."

சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். கொம்தோ மூங்கில் குவளையைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

ஜும்பி போனதற்குக் காரணம் ரின்யா என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைத்தார்கள். அப்படி இல்லை. கொம்தோவின் தம்பி கொம்கெ சாலை வேலையில் மண் சரிந்து செத்தான். அவன் மனைவி ரின்யா. கையில் இரண்டு பிள்ளைகள். தம்பி போனால் அவன் மனைவியை அண்ணன் சேர்த்துக்கொள்வது வழக்கம். அதைச் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்த கொம்தோவிடம் ஜும்பிதான், "மழைக்கு முன்னாடி அவளுக்கு ஒரு அடுப்பு வெட்டு. பிள்ளைங்க அங்கயும் இங்கயும் திங்குதுங்க" என்றாள். நீள வீட்டின் மறுகோடியில் ரின்யாவுக்கு அடுப்பு வந்தது. ஜும்பியின் ஒரே மகள் கல்யாணமாகிப் பாசர் பக்கம் போய்விட்டவள். ரின்யாவின் சின்னவன் பாதி நாள் ஜும்பியின் அடுப்போரம்தான் தூங்குவான்.

சண்டை களஞ்சியத்தில் வந்தது.

ஊருக்குக் கீழே, தீப்பற்றினாலும் எட்டாத தூரத்தில், எங்கள் களஞ்சியங்கள் வரிசையாகக் கால் ஊன்றி நிற்கும். வீடு ஆணுடையது. களஞ்சியம் அதை நிரப்பும் பெண்ணுடையது. அவள்தான் ஏறுவாள், அவள்தான் திறப்பாள், அவள்தான் அள்ளுவாள். ஜும்பியின் அம்மா இறந்து, அவள் தார்சிக்குப் போய்த் துக்க நாட்கள் முடியும் வரை அங்கே இருந்தபோது இங்கே மழை முந்திக்கொண்டது. காடு எரித்த சாம்பல் அடித்துப்போவதற்குள் விதைத்தாக வேண்டும். ரின்யாவிடம் விதைநெல் இல்லை. கொம்தோ ஏணியில் ஏறி, ஜும்பியின் கதவைத் திறந்து, ஒரு கூடை நெல் அள்ளிக் கொடுத்தார்.

திரும்பி வந்த ஜும்பி கதவில் செருகிய மூங்கில் முளை வேறு பக்கமாகச் செருகியிருப்பதைக் கீழே நின்றே பார்த்துவிட்டாள். ஏறிப் பார்த்தாள். இறங்கினாள். ஏணியைக் கழற்றிப் புல்லில் கிடத்தினாள். வீட்டுக்குள் போய்த் தன் துணியையும் பாசிமணிகளையும் கூடையில் போட்டுக்கொண்டு, கூடைப் பட்டையை நெற்றியில் மாட்டி நடந்தாள்.

பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். ஒரு கூடை நெல்லுக்கா என்றார்கள். அதற்கு அவள் சொல்லியனுப்பியது ஒரே பேச்சு: "நெல்லு கேட்டிருந்தா ரெண்டு கூடை கொடுத்திருப்பேன். என்னக் கேக்காம என் கதவத் திறந்தா நான் எதுக்கு?"

கொம்தோ தார்சிக்குத் தனியாகப் போக முடியாது. கோபித்துப் போனவள் வீட்டில் புருஷன் நேராகப் பேசக் கூடாது. நடுவில் ஒருவன் வேண்டும். நான் ஆலோவில் கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு ஆற்றோரச் சின்ன மின்நிலையத்தில் இரவு வேலை பார்க்கிறவன். பகலில் சும்மா கிடக்கிறேன் என்று ஊருக்கு நினைப்பு. அதனால் இந்த மாதிரி வேலைக்கெல்லாம் என்னைத்தான் பிடிப்பார்கள்.

காய்ந்த அணில்கள், ஒரு கால் புகைப்பன்றி, ஒரு குடுவை அபோங் என்கிற அரிசிக் கள். எல்லாம் என் முதுகில். தொங்குபாலத்தில் பலகைகள் பாதி இல்லை. கொம்தோ முன்னால் போனார். பாலத்தின் நடுவில் நின்று, "நான் என்ன சொன்னாலும் நீ அப்படியே சொல்லிராத. கொஞ்சம் பாத்துச் சொல்லு" என்றார்.

"அப்படியே சொல்லத்தாண்ணே என்னக் கூட்டிட்டு வந்தீங்க."

"படிச்சவன் புத்தியக் காட்டுறியா?"

"பாதிதான் படிச்சேன்."

ஜும்பியின் அண்ணன் ஜும்கென் வாசலிலேயே எங்களைப் பார்த்தான். "வாங்க மச்சான். உங்க ஊர்ல உப்பு விக்கலன்னு கேள்விப்பட்டேன்" என்றான். அதற்குள் மிதுன் விஷயம் ஆற்றைத் தாண்டி வந்திருந்தது.

அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தோம். மேலே பரணில் தொங்கிய கறியிலிருந்து கொழுப்புச் சொட்டி நெருப்பில் சீறியது. ஜும்பி எதிர்ப்பக்கம் உட்கார்ந்து மூங்கில்குருத்தை இலையில் மடித்துக் கட்டிக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். புருஷனுக்கும் அவளுக்கும் இடையில் ஒரு அடுப்பு அகலம்தான். ஆனாலும் அவள் என்னைப் பார்த்துத்தான் பேசினாள்.

"தம்பி, உங்க அண்ணன் எதுக்கு வந்திருக்காருன்னு கேளு."

கொம்தோ தொண்டையைச் செருமினார். "மோபினுக்குக் கூப்பிட வந்திருக்கேன்னு சொல்லு."

"மோபினுக்குக் கூப்பிட வந்திருக்காராம்ண்ணி."

"போன மோபினுக்கு ஏன் வரலன்னு கேளு."

"போன மோபின் வேற வீட்டுலன்னு சொல்லு."

"அப்ப என்னக் கூப்பிட வரல. மிதுனக் கூப்பிட வந்திருக்காருன்னு சொல்லு."

ஜும்கென் குவளைக்குள் சிரித்தான். கொம்தோ என்னைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்தேன்.

"ரெண்டுக்கும்தான்னு சொல்லு" என்றார் கடைசியில்.

"ரெண்டுக்குமாம்ண்ணி."

அவள் கட்டி முடித்த பொட்டலத்தைச் சாம்பலுக்குள் புதைத்தாள். "அதக் கன்னுக்குட்டியா தூக்கிட்டு வந்தப்ப என் தோள்ல மூத்திரம் பேஞ்சுச்சு. அத நான் கூப்பிட்டுக் கொண்டாந்து கட்டணுமான்னு கேளு."

இதை நான் திருப்பிச் சொல்லவில்லை. கொம்தோவும் எதிர்பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "சோறு ஒழுங்கா இல்ல ஒரு வருஷமா. ஊருக்கும் சரியில்ல. எலி அதிகம். இந்த மோபின் நின்னா என் வீட்ட வெச்சுத்தான் ஊரு பேசும். சொல்லு" என்றார்.

ஜும்பி எழுந்துபோய்த் தண்ணீர்க் குடுவையை எடுத்து வந்தாள். கை கழுவினாள். பிறகு உட்காராமல் நின்றுகொண்டே பேசினாள்.

"ரின்யா மேல எனக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லு. ஈரல் சொன்னா அந்தக் கிடா போகத்தான் வேணும், அது எனக்கும் தெரியும். நான் வர்றேன். மோபினுக்கு மட்டும் இல்ல, திரும்பியே வர்றேன். அண்ணன் வீட்டுல எத்தன நாளைக்கு விறகு வெட்டிப் போடறது. ஆனா என் களஞ்சியம் எனக்கு அங்க இருக்கணும். இருக்கான்னு கேளு."

கொம்தோவின் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆயிற்று. "இருக்கு, இருக்கு. சொல்லுடா."

"இருக்காம்ண்ணி."

"போனப்ப பாதிக்கும் கீழதான் இருந்துச்சு. அதுல கொறஞ்சுதான்னு கேளு."

"ஒரு குறையும் இல்லன்னு சொல்லு." இதைச் சொல்லும்போது அவர் வாய்க்குள்ளேயே சிரித்துக்கொண்டார். பெண்டாட்டி திரும்பி வருகிற சந்தோஷம் என்று நான் நினைத்தேன்.

"ஒரு குறையும் இல்லையாம்ண்ணி."

"அப்ப சரி" என்றாள். சாம்பலிலிருந்து மூங்கில்குருத்துப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து முதல் துண்டை என் இலையில் வைத்தாள். இரண்டாவதைப் புருஷன் இலையில் வைத்தாள், அவரைப் பார்க்காமலே.

மோபினுக்கு முதல் நாள் வந்தாள். நானும் கொம்தோவும் பாலத்தில் காத்திருந்து அழைத்துப் போனோம். வீட்டுக்குப் போகவில்லை, நேரே மலைக்குத்தான். மிதுனைக் கூட்டி வருகிறவர் அது விழும் வரை தன் வீட்டுக்குள்ளும் களஞ்சியத்துக்குள்ளும் காலெடுத்து வைக்கக் கூடாது என்று நிபோ கட்டளை. வழியில் களஞ்சிய வரிசையைத் தாண்டும்போது மட்டும் நின்று பார்த்தாள். ஏணி அவள் போட்ட புல்லிலேயே கிடந்தது. கதவு மூடியிருந்தது. தலையை ஆட்டிக்கொண்டு நடந்தாள்.

எரித்த காட்டின் சாம்பல் வாசனை. மேலே மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. சரிவின் நடுவில் எங்களை நிற்கச் சொல்லிவிட்டு, இலையில் உப்பை வைத்துக்கொண்டு அவள் மட்டும் ஏறினாள். கூப்பிடும் குரல் கேட்டது. கொம்தோ கத்திய கத்தலில் கால்வாசி கூட இல்லை. பக்கத்து அறையில் இருப்பவரைச் சாப்பிடக் கூப்பிடுவது போல. கூப்பிட்டாள், நிறுத்தினாள், திரும்பக் கூப்பிட்டாள்.

"ஒரு வருஷமாச்சே. மறந்திருக்குமோ?" என்றார் கொம்தோ.

மறக்கவில்லை. மூங்கில் முறியும் சத்தம் வந்தது. பிறகு அந்தக் கறுத்த பெரிய உடம்பு, வெள்ளை நெற்றி. அது நேராக வந்து அவள் கையில் மூஞ்சியை வைத்தது. அவள் மற்றக் கையால் அதன் காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த உண்ணிகளைப் பிடுங்கினாள். பொறுமையாக, ஒன்று விடாமல். நாளைக்கு வெட்டப் போகிற மாட்டுக்கு எதற்கு உண்ணி எடுப்பது என்று எனக்குத் தோன்றியது.

கயிறு போடவில்லை. அவள் முன்னால் நடக்க அது பின்னால் வந்தது. திரும்பிப் பார்க்கவே இல்லை. முற்றத்தில் கட்டிய பூசைக் கம்பத்தருகே வந்ததும் மீதி உப்பைத் தரையில் கொட்டினாள். அது தலை குனிந்தபோது ஆண்கள் கயிற்றை மாட்டினார்கள். கையைத் துடைத்துக்கொண்டு எங்கள் வீட்டில் படுக்கப் போய்விட்டாள்.

மறுநாள் காலையிலிருந்தே ஊர் வெள்ளையாக இருந்தது. வெள்ளை உடுப்பு, சீவிய மூங்கில் பூக்களின் வெள்ளை, எல்லார் முகத்திலும் எத்திங் என்கிற அரிசிமாவுப் பசை. சண்டைக்காரர்களும் ஒருவர் கன்னத்தில் ஒருவர் பூசிக்கொண்டு இளித்தார்கள். பெண்கள் கை கோத்து நின்று ஆட, நிபோ தன் பாட்டில் மோபின் அம்மாவை மலை மலையாக நடக்க வைத்துக் கூட்டி வந்துகொண்டிருந்தார். அந்தப் பாட்டு லேசில் முடியாது.

ஜும்பி மிதுன் நெற்றியில் எத்திங் பூசினாள். அது நாக்கை நீட்டி அவள் மணிக்கட்டை நக்கியது, உப்பு இருக்கும் என்று. அவள் விலகி வந்து பெண்கள் வரிசையில் நின்றுகொண்டாள். கோடாலி இறங்கியபோது ஆட்டம் நிற்கவில்லை. அவளும் கால் மாற்றி வைத்து ஆடிக்கொண்டுதான் இருந்தாள். பாட்டை மட்டும் நிறுத்தியிருந்தாள்.

விழுந்ததும் ஓடைக்குப் போய்க் கை கால் கழுவி, நேராகக் களஞ்சியத்துக்கு நடந்தாள். கொம்தோ என் தோளைப் பிடித்து இழுத்தார். "வா வா. அவ முகத்தப் பாக்கணும்." சின்னப் பையன் மாதிரி இருந்தார். ரின்யா அபோங் குடுவையோடு வந்துகொண்டிருந்தவள், எங்களைப் பார்த்ததும் அவளும் தயங்கித் தயங்கிப் பின்னால் வந்தாள்.

ஜும்பி ஏணியைத் தூக்கிச் சாத்தினாள். ஏறினாள். முளையைப் பிடுங்கிக் கதவைத் திறந்தாள்.

நெல் வாசல் வரை நின்றது. கதவு திறந்த வேகத்தில் கொஞ்சம் சரிந்து, ஏணிப் படியில் விழுந்து, கீழே எங்கள் தலையிலும் விழுந்தது. கொம்தோ வாய் விட்டுச் சிரித்தார். "நெறஞ்சிருக்கான்னு கேளு! கேளுடா!"

நான் கேட்கவில்லை. ஒருத்தியின் களஞ்சியத்தில் இன்னொருத்தியின் நெல்லைக் கொட்டுவது எங்கள் பக்கத்தில் ஒரு சமயத்தில்தான் நடக்கும். வீட்டுக்காரி செத்துப் போன பிறகு. மருமகளோ அடுத்து வந்தவளோ தன் நெல்லைப் பழைய நெல்லின் மேல் கொட்டுவாள். அன்றிலிருந்து களஞ்சியம் அவளுடையது. இது கொம்தோவுக்கும் தெரியும். ஆனால் களஞ்சியத்தில் ஆண்களுக்கு வேலை இல்லை. வேலை இல்லாத இடத்தைப் பற்றி யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. எடுத்ததைத் திருப்பி, மேலும் போட்டு நிரப்பினால் சரியாகிவிடும் என்று நினைத்திருக்கிறார். ஊரே கதிர் அறுப்பில் இருந்த நாளில் இதைச் செய்து முடித்து, ஏணியைப் பழையபடி புல்லில் கிடத்திவிட்டு, அவள் பார்த்துப் பூரிக்கட்டும் என்று யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார்.

ஜும்பி ஒரு பிடி நெல்லை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். அவள் நெல் குட்டையாக, சிவந்த உமியோடு இருக்கும். இது நீளமாக வெளுப்பாக இருந்தது. இறங்கி வந்து கொம்தோவைத் தாண்டி ரின்யாவின் முன் நின்றாள்.

"உன் நெல்லா?"

"ஆமாக்கா."

"எவ்வளவு கொட்டுன?"

"வெளஞ்சது எல்லாத்தையும்." ரின்யா குடுவையைக் கீழே வைத்தாள். "வேணாம்னு சொன்னேன்க்கா. அக்கா இருக்கும்போது கொட்டக் கூடாதுன்னு சொன்னேன். நெறஞ்சிருந்தா அக்கா மனசு ஆறும்னு சொன்னாரு. என்னாலதானே போனீங்கன்னு எனக்கும்..."

"எல்லாத்தையும் இதுல கொட்டிட்டு நீங்க என்னத்தத் தின்னீங்க?"

"ரேஷன் அரிசி. பத்தாததுக்குக் கிழங்கு."

"பிள்ளைங்களுமா?"

"பிள்ளைங்களும்தான்."

ஜும்பி கையிலிருந்த நெல்லை ரின்யாவின் உள்ளங்கையில் கொட்டி, விரல்களை மடக்கி விட்டாள். கொம்தோவின் சிரிப்பு அப்போதுதான் நின்றது. எத்திங் காய்ந்து அவர் கன்னத்தில் வெடித்திருந்தது. எதுவோ ஆகிவிட்டது என்று தெரிந்தது அவருக்கு. என்னவென்று தெரியவில்லை.

"மேற்குத் தூண்ல எலி ஏறாம மாட்டுன தட்டு வெடிச்சிருக்கு" என்று ஜும்பி ரின்யாவிடம் சொன்னாள். "மழைக்கு முன்னாடி மாத்திரு. மரத்துல போடு, மூங்கில்ல போடாத."

"அக்கா, நீங்க இருக்கும்போது நான் எதுக்கு..."

"அடியில கெடக்கறது சிவப்பு நெல்லு. அதத் தின்னு தீத்துறாத, விதைக்கு வெச்சுக்க. சின்னவன மேல ஏத்தாத, ஏணி வழுக்கும்."

ரின்யா உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். ஜும்பி அவளை அழ விட்டாள். சமாதானம் சொல்லவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. பக்கத்தில் நின்று தன் கூடைப் பட்டையை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள்.

முற்றத்தில் கறி பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். இலைகளை வரிசையாக விரித்து, வீட்டுப் பெண்களுக்கு ஒரு பக்கம், பெண் கொடுத்த ஊர்க்காரர்களுக்கு ஒரு பக்கம், நிபோவுக்குத் தனி. கத்தி பிடித்திருந்தவர் எங்களைப் பார்த்ததும் உரக்கக் கேட்டார்.

"ஜும்பி பங்க எங்க வைக்கட்டும்? வீட்டுக்காரி பக்கம்தானே?"

கொம்தோ என்னைப் பார்த்தார். ஆட்டத்திலிருந்த பெண்கள் பார்த்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அது என் வழியாகச் சொல்ல வேண்டிய பேச்சு இல்லை.

"தார்சிக்காரங்க பக்கம் வைங்க" என்றாள் ஜும்பி. "அண்ணன் வீட்டுல பிள்ளைங்க நெறைய."

கத்திக்காரர் கையை நிறுத்தினார். அவர் ஒரு தொடைத்துண்டை எடுத்து எட்டி அந்தப் பக்கத்து இலையில் வைத்தார். யோசித்து, இன்னொரு துண்டும் வைத்தார். அவள் அதை மடித்துக் கூடையில் இறக்கினாள். பட்டையை நெற்றியில் மாட்டினாள். கூடையின் அடியிலிருந்து அவள் வெள்ளைப் பாவாடையில் ரத்தம் சொட்டியது. அதைக் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் விட்டுவிட்டாள்.

அவள் பாலத்துப் பாதையில் இறங்கின பிறகுதான் கொம்தோவுக்குப் பேச்சு வந்தது.

"நான் என்ன தப்புப் பண்ணேன்னு கேட்டுட்டு வா. ஓடு."

ஓடினேன். பாலத்துக்கு வந்தபோது அவள் நடுப்பாலத்தில் இருந்தாள். கறியின் கனத்துக்குப் பாலம் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து ஆடியது. பலகை இல்லாத இடங்களில் கம்பியில் கால் வைத்து, நின்று, பிடித்து, மெதுவாகப் போனாள். கூப்பிட்டால் நின்று பதில் சொல்லியிருப்பாள். தூது வந்தவனைத் திருப்பி அனுப்புகிற ஆளில்லை. அந்தப் பதிலைச் சுமந்துகொண்டு மேடேற எனக்குத் தெம்பில்லை. அக்கரையில் அவள் மூங்கில்களுக்குள் போகும் வரை நின்றுவிட்டுத் திரும்பினேன்.

கொம்தோ முற்றத்தில் உட்காராமல் பாதையிலேயே நின்றிருந்தார். பின்னால் ஆட்டம் மறுபடி தொடங்கியிருந்தது. யாரோ அவர் கன்னத்தில் புதிதாக எத்திங் பூசிவிட்டுப் போயிருந்தார்கள்.

"என்ன சொன்னா?"

"பாலத்தைத் தாண்டிட்டாங்கண்ணே."

அவர் ஆற்றுப் பக்கம் திரும்பினார்.

"கறி கனமா இருந்திருக்குமேடா" என்றார். "அந்தக் கரை வரைக்குமாவது நீ தூக்கிட்டுப் போயிருக்கலாம்ல."